டேப் முடிகிற இடம்

அக்கா இறந்து இரண்டு வாரம் கழித்து, அவள் வேலை பார்த்த இடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக் காயச் சிகிச்சை மையம். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால், நீச்சல் குளத்தின் குளோரின் வாடை எந்நேரமும் அடிக்கும் ஒரு நீளமான கட்டடம். இயக்குநர் பன்னிரண்டு நிமிடம் பேசினார். அதில் எட்டு நிமிடம் புதிதாக வந்திருக்கும் குளிர்நீர்த் தொட்டியைப் பற்றி. மிச்ச நாலு நிமிடத்தில், அக்கா அங்கே பதினைந்து வருடம் உழைத்ததாகச் சொன்னார். உழைத்தது இருபத்திரண்டு வருடம். "எப்பவும் சிரிச்ச முகம்" என்றார். அவர் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவர் எலும்பு மருத்துவர். ஒரு காலத்தில். நான் அந்த மையத்துக்குப் போய்வந்த இத்தனை வருடத்தில் அவர் ஒரு முழங்காலைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அறிக்கையைத் தொடுவார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். புகைப்படக்காரர் வந்தால் ஆட்டக்காரரின் தோளைத் தொடுவார். யாரைப் பார்த்தாலும் "வாங்க சாம்பியன்" என்பார். பெயர் ஞாபகம் வைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை பாருங்கள். அறைச் சுவர் முழுக்கக் கையெழுத்துப் போட்ட ஜெர்சிகள், கண்ணாடிச் சட்டத்துக்குள். மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு, அதன் தலையில் பல்கலைக்கழகத் தொப்பி. அந்த அறையில் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்வது அது ஒன்றுதான் என்பாள் அக்கா. நிற்கச் சொன்னார்கள், நிற்கிறது.

அவருக்குக் கீழே ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட். மாணவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ஐஸ்கட்டி. கணுக்கால் புரண்டாலும் ஐஸ், தோள் இறங்கினாலும் ஐஸ், காதலி விட்டுப் போனாலும் ஐஸ்தான் வைக்கச் சொல்வான் என்று பேசிக்கொள்வார்கள். ஒரு கையில் ஐஸ் பை, மறு கையில் போன். படுத்திருப்பவன் கத்தினால்தான் நிமிர்ந்து பார்ப்பான். இயக்குநர் எதைச் சொன்னாலும் "கரெக்ட் சார்" என்பான். சில சமயம் அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே.

இவர்கள் நடுவில் என் அக்கா. அவளும் பிசியோதெரபிஸ்ட்தான். ஐஸ்கட்டி பள்ளிக்கூடத்தில் பென்சில் கடித்துக்கொண்டிருந்த நாளிலிருந்து அங்கே இருப்பவள். கழுத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் டேப் தொங்கும். தையல் கடையில் இருக்குமே, நூற்றைம்பது சென்டிமீட்டர் டேப், அதுதான். மாணவர்கள் டேப் அக்கா என்று கூப்பிடுவார்கள். இயக்குநர் காரியம் ஆக வேண்டுமானால் மேடம் என்பார், மற்ற நேரம் தையல்காரம்மா என்பார்.

அவளைப் புனிதவதியாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. வாய் கொஞ்சம் நீளம். சதுரங்க அணிக்காரன் ஒருவன் மணிக்கட்டு வலிக்கிறது என்று வந்தபோது, "குதிரைய ரொம்ப தூக்கிட்டியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். எழுத்துப் பூர்வமாகப் புகார் வந்தது. நிஜமாக வலி உள்ளவர்களிடமும் இனிக்க இனிக்கப் பேச மாட்டாள். "வலிக்குதா? வலிக்கும். மடக்கு." அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டை ஜன்னல் ஓரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். இத்தனை அசடுகளுக்கு நடுவில் ஏன் இருக்கிறாய், வேறு இடம் பார் என்று நான் சொல்லாத வருடம் கிடையாது. "எல்லா இடத்துலயும் இதே ஆளுங்கதான், சட்டைதான் வேற" என்பாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும், யாருக்கும் எந்த அடியும் படுவதற்கு முன்பே, எல்லா அணிகளின் ஆட்களையும் ஒவ்வொருவராக வரவழைப்பாள். ஒற்றைக் காலில் நின்று முன்னால் தாவச் சொல்வாள். விழுந்த இடத்தை டேப் வைத்து அளப்பாள். தொடைச் சுற்றளவையும் அளப்பாள். கோடு போட்ட நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வாள். வலது, இடது, அடுத்த ஆள்.

முதலில் இது மையத்தின் வேலையாகத்தான் இருந்தது. இந்த இயக்குநர் வந்த வருடம் நிறுத்திவிட்டார்.

"நோவே இல்லாதவன அளந்து என்ன பண்ணப் போறோம் தையல்காரம்மா? சட்டையா தைக்கப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்களாம். ஐஸ்கட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தானாம். அந்த வருடத்திலிருந்து அக்கா அதே வேலையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தாள்.

எதற்காக என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. முழங்காலில் லிகமென்ட் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எப்போது மறுபடி ஆடலாம் என்று முடிவு செய்ய மையத்தில் ஒரு விதி இருந்தது. அடிபட்ட காலால் ஒரு தாவல், நல்ல காலால் ஒரு தாவல். நல்ல கால் போகும் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அடிபட்ட கால் எட்டிவிட்டால் பச்சைச் சீட்டு. சிகிச்சை கொடுத்தவர் ஒரு கையெழுத்து, இயக்குநர் ஒரு கையெழுத்து. சீட்டு இருந்தால் ஆடலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு ஒன்பது மாதம் ஊன்றுகோலும் நாற்காலியுமாக இருந்தவளின் நல்ல காலும் கூடவேதான் இருந்திருக்கிறது. அதுவும் இளைத்துப் போகும். இளைத்த காலோடு நொந்த காலை ஒப்பிட்டால் இரண்டும் சமமாகத்தான் தெரியும். பரீட்சையில் கோட்டைவிட்ட இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ரெண்டு பேரும் ஒரே மார்க், அதனால் ரெண்டு பேரும் பாஸ் என்கிற மாதிரி. படித்துப் பட்டம் வாங்கி, சுவரில் சட்டம் போட்டு மாட்டியவர்கள் இதை வருடக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். அடிபடுவதற்கு முன் அந்தக் கால் என்னவாக இருந்தது என்று தெரிந்தால்தானே இப்போது என்னவாக இருக்கிறது என்று சொல்ல முடியும். அது அக்காவின் நோட்டில் மட்டும்தான் இருந்தது.

பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் ஒருத்தி. உயரமான பெண், அதிகம் பேச மாட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இடது முழங்கால் போனது. ஒன்பதாவது மாதம் பரிசோதனை. இறுதி ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இடது காலில் நூற்று இருபத்தெட்டு தாவினாள். வலது காலில் நூற்று முப்பத்தாறு. கணினி தொண்ணூற்று நாலு சதவீதம் என்று பச்சை நிறத்தில் காட்டியது.

"முடிஞ்சுது. வாழ்த்துகள் சாம்பியன்" என்றார் இயக்குநர்.

அக்கா நோட்டைத் திறந்து வைத்தாள். அடிபடுவதற்கு முந்தைய பக்கம். "இவ ரெண்டு கால்லயும் நூத்தி அறுபத்தெட்டு தாவினவ. இப்ப நல்ல காலே நூத்தி முப்பத்தாறுதான் போகுது. இது நல்ல கால் இல்ல டாக்டர். இதுவும் நோயாளிதான்."

"அந்தக் கால்ல யாரும் ஆபரேஷன் பண்ணலையே மேடம்."

"பண்ணலன்னா தேறிடுச்சுன்னு அர்த்தமா?"

"மெஷின் பொய் சொல்லுதுங்கறீங்களா?"

"மெஷின் மேல தப்பே இல்ல. நீங்க கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லிடுச்சு. கேள்விதான் தப்பு."

ஐஸ்கட்டி இயக்குநரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தி நாலு நல்ல மார்க் சார்" என்றான்.

அக்கா கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். நானும் அவளும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். சாயங்காலம் அந்தப் பெண் இரண்டு முறை போன் செய்தாள். இரண்டாவது முறை அழுதது எனக்கே கேட்டது. கடைசி வருடம், கடைசி ஆட்டம், மாற்று கோல்கீப்பருக்குப் பந்தைப் பார்த்தாலே பயம், இப்படி. அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான்தான் சொன்னேன். "ஒரு கையெழுத்துதானே. போட்டுத் தொலையேன். அவ கால், அவ ஆசை. நீ போடலன்னா அந்தக் கரெக்ட் சார் போடப் போறான். உனக்கு மட்டும் எதுக்குக் கெட்ட பேரு?"

இயக்குநரைப் பற்றியும் ஐஸ்கட்டியைப் பற்றியும் இவ்வளவு எழுதிவிட்டு இந்த வாக்கியத்தை விட்டுவிட்டால் நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான். அவர்களாவது சம்பளத்துக்காகச் சொன்னார்கள். நான் சோறு ஆறிப்போகிறதே என்று சொன்னேன்.

மறுநாள் அக்கா கையெழுத்துப் போட்டாள். போட்டு, அதன் கீழே எறும்பு மாதிரி சின்ன எழுத்தில், "வலது கால் 168-இல் 136. தேறவில்லை" என்று எழுதினாள். சீட்டு கோப்புக்குள் போனது. யாரும் படிக்கவில்லை. பச்சை நிறமாக இருந்தால் போதும், அதற்கு மேல் எழுத்தைப் படிக்கிற வழக்கம் அங்கே இல்லை.

இறுதி ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். முதல் பாதியில் முப்பது நிமிடம் இருக்கும். உயரமாக வந்த ஒரு பந்தை அந்தப் பெண் தாவிப் பிடித்தாள். அழகாகத்தான் பிடித்தாள். வலது காலில் இறங்கினாள். கால் உள்பக்கமாக மடங்கியது. பந்தை விடவில்லை. பந்தைக் கட்டிக்கொண்டு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், கழுத்தில் டேப் இரண்டு பக்கமும் ஆட. அவளுக்குப் பின்னால் ஐஸ்கட்டி, ஐஸ் பையோடு. சோபா போட்டிருந்த வரிசையில் இயக்குநர் எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

வலது முழங்கால். நல்ல கால்.

அந்த வருட ஆண்டறிக்கை வழவழப்பான தாளில் வந்தது. நாலாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி: மறுகாயம், பூஜ்யம். நான் அக்காவிடம் கேட்டேன், அந்தப் பெண்ணுக்கு நடந்தது என்ன, சளியா என்று. அக்கா விளக்கினாள். மையம் சிகிச்சை கொடுத்தது இடது காலுக்கு. கிழிந்தது வலது. ஆகவே அது மறுகாயம் ஆகாது, புதுக் காயம். புதுக் கோப்பு, புது வரிசை எண். ஒரே பெண்ணின் இரண்டு கால்கள் அந்த அலுவலகத்தில் ஒன்றை ஒன்று தெரியாத இரண்டு நோயாளிகள். அந்த அறிக்கைக்கு ஏதோ ஒரு குழு பாராட்டுக் கேடயம்கூடக் கொடுத்தது. அது எலும்புக்கூட்டின் காலடியில் இருக்கிறது.

பெண்ணின் அப்பா வந்து சத்தம் போட்டபோது இயக்குநர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க கையெழுத்தும் அதுல இருக்கு மேடம். மறந்துடாதீங்க."

"அந்தச் சின்ன எழுத்தக் காட்ட வேண்டியதுதானே?" என்று வீட்டில் கேட்டேன். "தெரிஞ்சுதான் எழுதியிருக்கேன்னு காட்டு. அந்த ஆளு மூஞ்சி எங்க போகுதுன்னு பாப்போம்."

அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அவங்க தெரியாம போட்டாங்க. நான் தெரிஞ்சு போட்டேன். அதைக் காட்டினா எனக்குத்தான்டி அசிங்கம்."

நான் சொன்னதை அவள் ஒரு முறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி முடித்திருப்பேன்.

இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்து அந்தப் பெண் மறுபடி மையத்துக்கு வந்தபோது அக்கா டேப்பைக் கழற்றித் தரையில் நீட்டிப் போட்டாளாம். நூற்று அறுபத்தெட்டில் தொண்ணூறு சதவீதம் நூற்று ஐம்பத்தொன்று. டேப் நூற்றைம்பதில் முடிந்துவிடும்.

"கணக்கெல்லாம் வேணாம் உனக்கு. இந்த டேப் முடியுற இடத்தைத் தாண்டி ஒரு விரல். ரெண்டு காலும். அதுவரைக்கும் என் பேனா மூடி திறக்காது. போன் பண்ணி அழுதாலும் திறக்காது."

"இனிமே அழ மாட்டேங்க்கா" என்றாளாம் அந்தப் பெண். படிப்பு முடிந்துவிட்டது, மேல்படிப்பில் சேர்ந்திருந்தாள். வேறு ஓர் அணி, அடுத்த வருடம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அதற்கும் பச்சைச் சீட்டு வேண்டும். வாரத்தில் மூன்று நாள் வந்தாள். அக்கா மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள், படி ஏறச் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் எண்ணை மட்டும் சொல்வாள். நூத்திப் பத்து. நூத்திப் பதினாறு. வேறு பேச்சு இல்லை. நானும் கேட்கப் பழகிவிட்டேன். "இன்னிக்கு எவ்வளவு?"

ஏழாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மையத்தின் வாசற்படியில் ஏறும்போது அக்கா உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. இதயம். உள்ளே ஒரு டாக்டர், ஒரு பிசியோதெரபிஸ்ட், பெயர் தெரியாத ஐந்தாறு இயந்திரங்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர். ஐஸ்கட்டி ஐஸ் கொண்டு ஓடி வந்ததாகப் பிறகு ஒருவர் சொன்னார். கேலிக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் நம்பினேன்.

இரங்கல் கூட்டம் முடிந்து, பிஸ்கட் கொடுத்து முடிந்த பிறகு, இயக்குநர் ஓர் அட்டைப் பெட்டியை என்னிடம் தந்தார். சாப்பாட்டு டப்பா, ஸ்வெட்டர், மூக்குக் கண்ணாடி, டேப். அடியில் நோட்டுகள், பத்தொன்பது.

"இது ஆபீஸ் ரெக்கார்டு இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, அவங்க சொந்தமா ஏதோ கிறுக்கி வெச்சிருந்தது. எங்க சிஸ்டத்துல எல்லாம் பக்காவா இருக்கு. நீங்க ஞாபகார்த்தமா வெச்சுக்குங்க."

அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே உருப்படியான பொருளை அவர் தன் கையாலேயே பெட்டியில் கட்டி வெளியே அனுப்பினார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவரிடம் நான் மனதாரச் சொன்ன ஒரே நன்றி அது.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்ற முழங்காலை மடக்கியபோது பல்லைக் கடிக்கவில்லை. அதைக் கவனிக்கும் அளவுக்கு அக்காவின் பழக்கம் எனக்கும் தொத்திக்கொண்டிருந்தது.

"சின்னக்கா, சீட்டு குடுத்துட்டாங்க" என்றாள். எடுத்துக் காட்டினாள். பச்சை. தொண்ணூற்று ஏழு சதவீதம். ஐஸ்கட்டியின் கையெழுத்து, இயக்குநரின் கையெழுத்து.

"எந்தக் காலோட ஒப்பிட்டாங்க?"

"இடது காலோட. இப்ப அதுதான் நல்ல காலாம்."

இரண்டு பேரும் சீட்டை மறுபடி பார்த்தோம். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. முதலில் கிழிந்த கால் இப்போது நல்ல கால். இனி இது போனால் அது நல்ல கால். இந்தக் கணக்கில் மையத்துக்கு ஒரு நாளும் தோல்வியே வராது.

"புது டீம்ல அடுத்த வாரம் டிரெயினிங்குக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். "அக்கா நோட்டு உங்ககிட்ட இருக்கா? என் பக்கம் இருக்குமா?"

பதினேழாவது நோட்டில் இருந்தது. வலது 168, இடது 168. பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை, "பூனை". அவள் யாரைப் பற்றியும் அவ்வளவு உயர்வாக எழுதி நான் பார்த்ததில்லை.

கூடத்தில் மேசையை ஓரமாகத் தள்ளினோம். டேப்பை விரித்துப் போட்டேன். அது நேராகக் கிடக்க மறுத்தது. இத்தனை வருடம் கழுத்தில் கிடந்து வளைந்திருந்தது. இரண்டு முனையிலும் புத்தகம் வைத்தேன். தொடங்கும் கோடு ஒன்று வேண்டியிருந்தது. அவள் அந்தப் பச்சைச் சீட்டைத் தரையில் வைத்து, அதன் விளிம்பில் கட்டை விரலைச் சேர்த்து நின்றாள்.

இடது கால். குதிகால் விழுந்த இடத்தில் நான் குனிந்து விரலை வைத்தேன். நூற்று நாற்பத்தைந்து. வலது கால், நூற்று நாற்பத்தொன்று. மறுபடி ஒரு முறை தாவினாள். அதேதான். டேப்பின் முனை அவள் குதிகாலைத் தாண்டி நீட்டிக்கொண்டு கிடந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. "சீட்டு இருக்கு சின்னக்கா. போனா யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

ஒரு முறை இதே மாதிரி ஒரு கேள்விக்கு, கேட்காமலேயே, நான் பதில் சொல்லியிருக்கிறேன். இந்த முறை பத்தொன்பதாவது நோட்டைத் திறந்து, அக்காவின் கடைசி எண்ணுக்குக் கீழே தேதி போட்டு எழுதினேன். இடது 145. வலது 141. எழுதியதை அவளிடம் காட்டினேன்.

"டேப் தாண்டல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, அடுத்த வாரம் வர முடியாது, இன்னும் தயாராகவில்லை என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல சார், சீட்டெல்லாம் குடுத்துட்டாங்க. நான்தான் ரெடியாகல" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "மூணு வாரம் கழிச்சு வரட்டா?" என்றாள்.

"வா. மேசைய இப்படியே ஓரமா விட்டு வைக்கிறேன்."

போகும்போது பச்சைச் சீட்டை எடுக்கக் குனிந்தாள். அப்புறம், அடுத்த முறைக்கும் கோடு வேண்டுமே என்று சொல்லி, அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.